புலவரா, ஆசிரியரா? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றிய மதிப்பீடுகள்

ஒரு புலவர் தாம் பாடிய நூல்களால் நினைக்கப்பட வேண்டுமா, தாம் உருவாக்கிய மாணாக்கர்களால் நினைக்கப்பட வேண்டுமா என்னும் கேள்வி, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழறிஞர்களுள் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைச் சுற்றியே மிகுதியாக எழுந்திருக்கிறது. அவர் வாழ்ந்த காலத்தில் இது ஒரு கேள்வியாகவே இருந்ததாகத் தெரியவில்லை. பாடுவதும் பாடம் சொல்வதும் ஒரே மனிதரின் ஒரே தொழிலாகக் கருதப்பட்டன. அவர் மறைந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குள், அவரிடம் கற்றவற்றின் பயனையே ஐயுறும் ஒரு குரல் எழுந்தது. அதன் பின் அவரைப் பற்றி எழுதியவர்கள் அனைவரும், வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ, இவ்விரு பக்கங்களுள் ஒன்றைத் தேர்ந்துகொண்டனர். அந்த மதிப்பீடுகள் எங்கிருந்து பிறந்தன, எவ்வளவு தூரம் நிற்கக்கூடியவை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாழ்க்கையும் சான்றுகளும்

பிள்ளை 1815 ஏப்ரல் 6 அன்று திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பிறந்தார். தந்தையார் சிதம்பரம் பிள்ளையும் பாடம் சொல்பவரே. முதற்கல்வி அவரிடமே அமைந்தது. பிள்ளையின் இளமையிலேயே தந்தையார் மறைந்துவிட, பிறகு வந்த கல்வி ஒரே ஆசிரியரிடம் தொடர்ந்து பெற்றதாக அமையவில்லை. எந்த நூல் எவரிடம் ஏட்டில் இருக்கிறதோ, எந்த இலக்கணம் எவருக்குத் தெரியுமோ அவரைத் தேடிச் சென்று கற்பதே அக்காலத்து வழக்கம். தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூலைப் பிச்சை எடுத்துத் திரிந்த ஒரு பரதேசியைப் பின்தொடர்ந்து கற்றார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. நூல்களும் நூலறிந்தவர்களும் அத்துணை அரிதாக இருந்த காலத்தில் கற்றவர், பிற்காலத்தில் தம்மிடம் வந்த எவருக்கும் பாடம் மறுக்காதவராக விளங்கியதற்கு இந்த அலைச்சலும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிற்காலத்தில் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் தங்கி, திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கினார். மகாவித்துவான் என்னும் பட்டம் அவ்வாதீனம் அளித்ததே. மாணாக்கர்களைத் தம் செலவிலேயே உண்பித்துக் கற்பித்தார். கடனும் அவரை விட்டு நீங்கவில்லை. 1876 பிப்ரவரி 1 அன்று திருவாவடுதுறையில் மறைந்தார்.

அவர் இயற்றியவற்றின் அளவே வியப்புக்குரியது. ஒரு தலத்தின் பெருமையையும் அங்கு நிகழ்ந்ததாகக் கூறப்படும் இறைவன் திருவிளையாடல்களையும் விரித்துப் பாடும் தலபுராணங்கள் மட்டும் இருபதுக்கு மேல். தெய்வத்தையோ பெரியோரையோ குழந்தையாகப் பாவித்துக் காப்பு முதலான பத்துப் பருவங்களில் பாடும் பிள்ளைத்தமிழ்கள், ஒரு செய்யுளின் இறுதி அடுத்த செய்யுளின் தொடக்கமாகும் அந்தாதிகள், கலம்பகம், கோவை, மாலை எனப் பிற வகைகளும் பல. திருவானைக்கா அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ், சேக்கிழார் பிள்ளைத்தமிழ், திருநாகைக்காரோணப் புராணம், வாட்போக்கிக் கலம்பகம் ஆகியவை அவற்றுள் அதிகம் பேசப்பட்டவை.

இவ்வாழ்க்கையைப் பற்றி இன்று அறியப்படுவனவற்றுள் மிகப் பெரும்பகுதி ஒரே ஒருவரின் எழுத்திலிருந்து வருகிறது. 1871-இல் மாணாக்கராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர் 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்ட ஆசிரியர் வரலாறும், 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய தன்வரலாறாகிய என் சரித்திரமும் அவை. அறுபதாண்டு வாழ்வில் இறுதி ஐந்தாண்டுகளையே சாமிநாதையர் நேரில் கண்டார். முந்தியவற்றை மற்ற மாணாக்கர்களிடமும் பழகியவர்களிடமும் கேட்டுத் தொகுத்தார். எல்லா மதிப்பீடுகளையும் இந்தச் சான்றின் தன்மையை மனத்திற்கொண்டே படிக்க வேண்டியிருக்கிறது.

மடத்தின் கண்ணில் கவிஞர்

முதல் மதிப்பீடு பிள்ளையின் காலத்திலேயே மடத்திலும் கோயில் மண்டபத்திலும் உருவானது. ஒரு நூல் முடிந்ததும் அவையினர் முன்னிலையில் படித்துப் பொருள் கூறி ஒப்புதல் பெறும் நிகழ்ச்சி அரங்கேற்றம். நூலையும் ஆசிரியரையும் புகழ்ந்து பிற புலவர்கள் தரும் பாடல்கள் சிறப்புப்பாயிரம். இவ்விரண்டின் வழியாகவும் பிள்ளை கம்பருக்கு நிகரானவராகவும் அவருக்கு மேலானவராகவும் போற்றப்பட்டார். ஏடும் எழுத்தாணியுமாக மாணாக்கர் அமர்ந்திருக்க, எழுதும் கை சோரும் வேகத்தில் அவர் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போவார் என்னும் செய்தி இம்மதிப்பீட்டின் முதன்மைச் சான்றாயிற்று.

இதன் குறை எளிதில் தெரிவதே. சிறப்புப்பாயிரம் என்பது புகழ்வதற்கென்றே ஏற்பட்ட வடிவம். அதில் குறை காண இடமில்லை. விரைவும் மிகுதியும் கவித்துவத்தின் அளவாகா என்பதையும் மறுக்க முடியாது. எனினும் இதனை வெறும் முகமன் என்று ஒதுக்குவதும் தவறாகும். அந்த அவையில் இருந்தவர்கள் யாப்பையும் அணியையும் நுணுக்கமாக அறிந்தவர்கள். ஓர் அடியில் எதுகைக்காக வந்து விழுந்த சொல்லையும் பொருளுக்காக வந்த சொல்லையும் பிரித்தறியும் செவி அவர்களுக்கு இருந்தது. இன்று அவரைக் குறைத்து மதிப்பிடுபவர்களுள் பலருக்கு அந்தச் செவி இல்லை.

மாணாக்கர் எழுதிய ஆசிரியர்

சாமிநாதையரின் நூலில் கவிஞரைக் காட்டிலும் ஆசிரியரே மேலோங்கி நிற்கிறார். நாகூர்க் குலாம் காதிறு நாவலர், புதுவைச் சவரிராயலு நாயக்கர், கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கிய தியாகராச செட்டியார் எனச் சமயமும் சாதியும் கடந்த மாணாக்கர் வரிசை அங்கு தெரிகிறது. பாடம் சொல்லும் முறை, மாணாக்கரின் உணவில் அவர் காட்டிய அக்கறை, கடன்காரருக்கு அஞ்சிய பொழுதும் நில்லாத பாடம் ஆகியவை விரிவாகப் பதிவாகியுள்ளன. தமிழில் ஒரு புலவரின் அன்றாட வாழ்க்கை இவ்வளவு நுட்பமாக அதற்கு முன் எழுதப்பட்டதில்லை என்று துணிந்து கூறலாம்.

ஆயினும் இது ஒரு மாணாக்கர் அறுபது ஆண்டுகள் கழித்து எழுதியது. இடைப்பட்ட காலத்தில் அவர் சீவக சிந்தாமணியையும் பத்துப்பாட்டையும் புறநானூற்றையும் பதிப்பித்து, தம் ஆசிரியர் பெரிதும் புழங்காத ஓர் இலக்கிய உலகத்தைத் தமிழருக்குத் திறந்துவிட்டிருந்தார். அந்நூல்களுக்கு அருகில் ஆசிரியரின் அந்தாதிகளை வைத்துப் பேசுவது அவருக்கே எளிதாக இருந்திருக்காது. கவிஞரை நிறுவுவதைவிட ஆசிரியரை நிறுவுவது பாதுகாப்பான வழியாக அவருக்குத் தோன்றியிருக்கக்கூடும். ஆசிரியரின் சிறுநூல்களை 1910-இல் பிரபந்தத்திரட்டாகப் பதிப்பித்தவரும் அவரே என்பதால், கவித்துவத்தில் நம்பிக்கை இழந்தார் என்று கூறுவதற்கில்லை. அழுத்தம் இடம் மாறியது என்று மட்டும் கூறலாம்.

இவ்விடத்தில் சிதம்பரம் கவனத்துக்குரியது. 1924 முதல் 1927 வரை சாமிநாதையர் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானபோது அக்கல்லூரி அதனுள் அடங்கிற்று. அதே ஊரில் 1864-இலேயே ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, அச்சிட்ட உரைநடைப் பாடநூல்களைக் கொண்டு வகுப்புமுறைக் கல்விக்கு வழிகோலியிருந்தார். கொள்ளிடத்துக்குத் தெற்கே மாயூரத்தில் ஏடு வைத்துப் பாடம் நடந்த காலமும் அதுவே. பள்ளியும் கல்லூரியும் பாடநூலைக் கற்பிப்பவரை நூல் இயற்றுபவரிடமிருந்து பிரித்துவிட்டன. அப்பிரிவு நிலைபெற்ற பிறகு எழுதப்பட்ட வரலாறு, பிரிவில்லாத காலத்து மனிதரை ஆசிரியர் என்னும் பெயரால் காத்துக்கொள்ள முயன்றதில் வியப்பில்லை.

1880-இல் மாறிய அளவுகோல்

எதிர்நிலை மதிப்பீட்டின் தொடக்கத்தை நாள் குறித்தே சொல்லலாம். 1880 அக்டோபர் 21 அன்று கும்பகோணத்தில், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சாமிநாதையர் சந்தித்தார். என்னென்ன படித்திருக்கிறீர் என்ற கேள்விக்கு அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கியபோது முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவே இல்லை. சிந்தாமணியையும் மணிமேகலையையும் படித்ததுண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் மற்றவற்றால் என்ன பயன் என்று வியந்தார். அந்தப் பட்டியல் முழுவதும் பிள்ளையின் பாடத்திட்டமே. பழமலை எனப்படும் விருத்தாசலத்தின் மீதும் தில்லையின் மீதும் பாடப்பட்ட அந்தாதிகளை எழுத்தெண்ணிக் கற்ற ஒருவருக்கு அக்கல்வி ஒரே உரையாடலில் சிறுத்துப்போயிற்று.

இதன் பின் மூன்று நீரோட்டங்கள் சேர்ந்தன. சங்க நூல்கள் அச்சேறியதும் பழமையே உயர்வின் அளவாயிற்று. எளிய சொல், எளிய நடை, பலரும் விரும்பும் மெட்டு ஆகியவற்றை 1912-இல் வெளிவந்த பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் பாரதியார் காவியத்துக்குரிய தேவைகளாக வைத்தார். அதன் பின் திரிபும் யமகமும் நிறைந்த செய்யுள் பழுதாகத் தோன்றிற்று. (அடிதோறும் முதலெழுத்து மட்டும் வேறுபட்டு எஞ்சிய எழுத்துகள் ஒன்றி வருவது திரிபு, எழுத்துக்கூட்டம் மீண்டும் மீண்டும் வந்து பொருள் மட்டும் மாறுவது யமகம்.) புராணக் கதைகளை மறுத்த சுயமரியாதை இயக்கத்துக்குத் தலபுராணம் என்னும் வகையே ஏற்புடையதாக இல்லை. ஒன்றோடொன்று பல இடங்களில் முரண்பட்ட இவை மூன்றும் பிள்ளையை ஒதுக்குவதில் மட்டும் ஒத்துநின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி தமிழ்க் கவிதையின் தேய்காலம் என்னும் கருத்து இலக்கிய வரலாறுகளில் இவ்வாறுதான் பரவிற்று.

இம்மதிப்பீட்டுக்கு வலுவான சான்று அதே வட்டாரத்திலேயே உண்டு. சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த இராமலிங்க அடிகளின் திருவருட்பா 1867-இல் அச்சில் வெளிவந்தது; அவ்வாண்டிலேயே வடலூரில் தருமசாலை தொடங்கிற்று. பிள்ளை புராணம் பாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஒருவர் உருகும் நடையில் பாடிக்கொண்டிருந்தார் என்பதை மறுக்க இயலாது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனையைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பிள்ளையின் வீட்டுக்குப் பலமுறை வந்ததும், இலக்கணப் பிழைகள் உள்ளன என்று பிள்ளை தள்ளிப்போட்டதும், ஒரு நாள் திண்ணையில் அமர்ந்து பாரதியார் பாடியதைக் கேட்டு மனமுருகிப் பாயிரம் தந்ததும் சாமிநாதையர் பதிவுசெய்த செய்திகள். சாமிநாதையர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை கற்பதை அறிந்த பிள்ளை, அப்பயிற்சி இலக்கண இலக்கியக் கல்வியைக் குறைக்கும் என்று கருதியதால் அது நின்றுபோனதும் அவ்வாறே. பொதுமக்களை நோக்கிய இசைப்பாட்டின் எழுச்சியைப் பிள்ளை முழுமையாக உணரவில்லை என்பதற்கு இவற்றைக் காட்டுவர்.

ஆனால் இந்நிகழ்ச்சிகள் மற்றொன்றையும் காட்டுகின்றன. பிழையுள்ள நூல் என்று தள்ளிய ஒருவர், பாட்டைக் கேட்டதும் தம் முடிவை மாற்றிக்கொண்டார். அவருடைய அளவுகோல் இறுகிய ஒன்றாயின் இது நிகழ்ந்திராது. மேலும், தனிமனித உணர்வே கவிதை என்னும் கொள்கையைக் கொண்டு, ஒரு தலத்தின் சார்பாகவும் ஓர் அடியார் கூட்டத்தின் சார்பாகவும் பாடப்பட்டவற்றை அளப்பது எவ்வளவு பொருத்தம் என்று இவ்வணியினர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டதில்லை. மிகப் பெரிய குறை, தேய்காலம் என்று எழுதியவர்களுள் பெரும்பாலோர் அப்புராணங்களைப் படித்ததற்கான அடையாளம் அவர்கள் எழுத்தில் இல்லாததே.

கொடையும் புகழும்

கடந்த சில பத்தாண்டுகளில் வரலாற்று ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்டனர். நார்மன் கட்லர், சாமிநாதையர் பெற்ற கல்வியைத் தமிழ் இலக்கியப் பண்பாட்டின் ஒரு தனிக் கட்டமாக எடுத்துக்கொண்டு, அங்கு எவை இலக்கியம் எனக் கருதப்பட்டன என்று ஆராய்ந்தார். சாஸ்கா எபெலிங் 2010-இல் வெளியிட்ட நூலில் பிள்ளையின் வாழ்க்கைக்கும் பாடல்களுக்கும் விரிவான இடம் தந்து, மடம், கோயில், செல்வர் ஆகியோரிடையே புகழும் பொருளும் கைமாறிய ஓர் ஒழுங்கமைப்பின் பகுதியாக அவற்றை விளக்கினார். இப்பார்வையில் பிள்ளை தேய்ந்த மரபின் எச்சமல்லர். உயிரோடு இயங்கிய ஓர் இலக்கிய உலகின் நடுநாயகம்.

இதன் வலிமை பெரிது. கும்பகோணத்துப் புராணத்தைப் பாடுவித்தவர் தாசில்தாராக இருந்த சிவகுருநாத பிள்ளை. குளத்தூர்க் கோவையின் தலைவர் மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை. அகத்துறைகளை நிரல்படத் தொடுத்து ஒரு தலைவனைப் புகழும் கோவை, ஆங்கில அரசின் நீதி அலுவலராகிய ஒரு கிறித்தவரைத் தலைவராகக் கொள்கிறது. அக்கோவையின் தலைவரே 1879-இல் தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். பழையதும் புதியதும் எதிரெதிராக நின்றன என்னும் எளிய சித்திரம் இங்கே குலைந்துவிடுகிறது.

குறையும் உண்டு. ஒரு பாடல் எதற்காகப் பாடப்பட்டது என்பதை விளக்கினால் அப்பாடல் எப்படிப்பட்டது என்பது விளங்கிவிடாது. ஒரே கொடையாளர் உலகில், ஒரே வகைமையில் பாடப்பட்டவற்றுள் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் மட்டும் ஏன் சைவர் நாவில் நிலைத்தது, எத்தனையோ மாலைகள் ஏன் ஏட்டோடு மறைந்தன என்பதற்கு இவ்வாய்வு முறை விடை தருவதில்லை. சிதம்பரத்தில் அரங்கேறியதாக மரபு கூறும் பெரிய புராணத்தின் ஆசிரியரைக் குழந்தையாக்கிப் பாடும்போது பிள்ளையிடம் கூடும் வேகம், கொடையாளரைப் பாடும்போது எப்போதும் கூடுவதில்லை. அந்த வேறுபாட்டைச் சொல்லக் கவிதையைப் படிக்கும் திறன் வேண்டும்.

இயற்றுதலே கற்பித்தலாக

மேற்கண்ட நிலைகள் அனைத்தும் பொதுவாக ஏற்றுக்கொண்ட ஒன்று, கவிஞரையும் ஆசிரியரையும் தனித்தனியே நிறுக்கலாம் என்பது. சான்றுகள் அதற்கு இடம் தருவதாகத் தோன்றவில்லை. திருப்பெருந்துறைப் புராணம் உருவான காலத்தில் சாமிநாதையர் அதனை ஏட்டில் எழுதுபவராக உடனிருந்தார். ஆசிரியர் ஒரு செய்யுளைச் சொல்லச் சொல்ல எழுதும் மாணாக்கர், சொல் தேர்வையும் சீர் அமைதியையும் ஓர் உவமை தோன்றி விரியும் முறையையும் அது நிகழும் கணத்திலேயே கண்டார். எழுதியதைப் படித்துக் காட்டும்போது நடந்த திருத்தங்கள் அவருக்குப் பாடமாயின. எழுதி முடித்த நூல் அடுத்து வந்த மாணாக்கருக்குப் பாடநூலாயிற்று. யமகமும் திரிபும் இந்த இடத்தில் வேறு முகம் கொள்கின்றன: அவை சொல்லின் எல்லாப் பொருள்களையும் பிரிப்புகளையும் மனத்தில் பதிக்கும் கடும் பயிற்சி. பிற்காலத்தில் சிதைந்த ஏடுகளிலிருந்து சங்கப் பாடல்களைப் பிரித்துப் படித்த பதிப்பாசிரியருக்கு அப்பயிற்சி உதவியிருக்கும் என்று கருத இடமுண்டு. அவ்வாறாயின், இராமசாமி முதலியார் பயனற்றவை என்று ஒதுக்கிய நூல்களே அவர் கேட்ட சிந்தாமணியின் 1887-ஆம் ஆண்டுப் பதிப்புக்கும் வழிசெய்தன.

இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. அமெரிக்காவில் வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கவிஞர் தியோடர் ரெத்கி (1908–1963) 1954-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். ஜேம்ஸ் ரைட், ரிச்சர்ட் ஹியூகோ, கரோலின் கைசர் ஆகியோர் அவரிடம் கற்றவர்கள். அவரைப் பற்றிய எழுத்துகளிலும் கவிதையும் கற்பித்தலும் பிணைந்தே வருகின்றன. ஆனால் அங்கு ஆசிரியரின் கவிதை வகுப்புக்கு வெளியே, தனிமையில் எழுதப்பட்டது. மாணாக்கரின் கவிதைதான் வகுப்பில் திருத்தப்பட்டது. மாயூரத்தில் ஆசிரியரின் கவிதையே மாணாக்கர் கண் முன்னே பிறந்தது. இந்த வேறுபாட்டை முன்வைத்து இரு மரபுகளையும் ஒப்பிடும் ஆய்வு பயனுள்ளதாக அமையும்.

இயற்றுதலையும் கற்பித்தலையும் ஒன்றாகக் காணும் இவ்வாதத்துக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான தலபுராணங்களை இன்று அந்தச் சூழல் இல்லாமல், அச்சுப் பக்கத்தில் மட்டுமே படிக்க முடியும். அவ்வாறு படிப்பவருக்கு நாட்டுப்படலமும் நகரப்படலமும் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றுவது இயல்பே. பிறந்த முறையால் ஒரு நூல் சிறப்புடையது என்பது, படிக்கும்போது அது சிறக்கும் என்பதற்கு உறுதி தராது.

எஞ்சி நிற்பவை

இன்றைய நிலையில், தேய்காலக் கவிஞர் என்னும் தீர்ப்பு நிலைக்கத்தக்கதாக இல்லை. கம்பருக்கு நிகர் என்னும் பழைய புகழும் அவ்வாறே. ஆசிரியராக அவருடைய பெருமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் அதுகூட ஒரே மாணாக்கரின் கண்வழியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. குலாம் காதிறு நாவலரும் சவரிராயலு நாயக்கரும் தம் பாடல்களில் ஆசிரியரின் கல்வியை எப்படிக் கொண்டுசென்றனர் என்பதை ஆராய்ந்தால், சாமிநாதையரின் சித்திரம் வலுப்படவும் கூடும், திருத்தம் பெறவும் கூடும். இசுலாமியரும் கிறித்தவருமாகிய அவ்விருவர் சைவப் பிரபந்தங்களைக் கற்றபோது எதைக் கொண்டனர், எதை விட்டனர் என்பது தனித்த ஆர்வமுடைய கேள்வி.

அதற்கு முன் செய்யவேண்டியது புராணங்களைப் படிப்பது. ஒரே புலவர் இருபதுக்கு மேற்பட்ட தலங்களுக்குப் பாடியபோது, மரபு விதித்த பகுதிகளில் எங்கே தம்மைத் திரும்பச் சொன்னார், எங்கே அந்தந்த ஊரின் நிலமும் நீரும் அவர் செய்யுளை மாற்றின என்பதை நூல்களை அருகருகே வைத்தே அறிய முடியும். வடமொழித் தலமான்மியங்களைத் தழுவியவற்றில் மூலத்திலிருந்து அவர் விலகிய இடங்கள் எவை என்பதும் அப்போதே தெளிவாகும். இவ்வொப்பீடு நிகழும் வரை அவர் எத்தகைய கவிஞர் என்பதற்குக் கூறப்படும் விடைகள், அவருடைய பிள்ளைத்தமிழ்களை மட்டும் நம்பி நிற்பவையாகவே இருக்கும்.